லங்காவியில் ஏழரை மணி நேரம்

9 டிசம்பர் 2024, திங்கள்

சிங்கப்பூரிலிருந்து மேகலா பேசினாள். 2026 மார்ச்சில் எங்களை ஒரு கப்பலில் கூட்டிப் போகிறாளாம். நாலு நாள் பயணம், இப்போதே பதிந்துவிட்டாள். மகளுக்கு அப்பாவைப் போலவே முன்யோசனை. மார்ச் 15 அன்று காலை எட்டரைக்கு லங்காவித் தீவில் இறக்கிவிட்டு, மாலை நாலு மணிக்குள் கப்பலுக்குத் திரும்பச் சொல்கிறார்கள். ஆக, ஏழரை மணி நேரம்.

ஊர் சுற்றிப் பார்க்கக் கப்பல்காரர்களே பஸ் வைத்திருக்கிறார்களாம். கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒருத்தர் முன்னால் நடக்க, நாற்பது பேர் பின்னால் ஓட வேண்டும். அது நமக்கு ஆகாது. துறைமுகத்து வாசலிலேயே வாடகைக்குக் கார் கிடைக்கிறது. சாவியை வாங்கி நாமே ஓட்டிக்கொள்ளலாம். அங்கேயும் நம்மைப் போல இடது பக்கம்தான் போகிறார்கள். தீவின் நடுவே குனுங் ராயா என்று ஒரு மலை. உச்சிவரை தார் ரோடு. நான் ஓட்டுகிறேன் என்று மேகலாவிடம் சொல்லிவிட்டேன்.

இருபத்தொன்பது வருடம் மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்தவன் பஸ்ஸில் போய்ப் பார்த்தால் நன்றாகவா இருக்கும்? மதுரை வட்டாரத்தில் ஞானகுரு என்றால் இன்னும் ஒரு பேச்சு உண்டு: சொந்தச் சம்சாரத்தையே ஃபெயில் போட்டவர். அது உண்மைதான். 2001இல் பவளக்கொடி டெஸ்டுக்கு வந்தாள். அந்த ஊர்ப் பெயர் வேண்டாம். ஆபீஸில் நான் ஒருவன்தான் ஆய்வாளர். அவள் அப்பா கொடுத்த ஃபியட் கார். மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னேன். வண்டி இரண்டடி பின்னால் வந்தது. ஃபெயில் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். லைசென்ஸ் புரோக்கர்கள் முகத்தில் ஈயாடவில்லை. பணி நிறைவு விழாவில் இணை ஆணையரே இதை மேடையில் சொன்னார்.

13 டிசம்பர், வெள்ளி

திட்டம் தயார். 8.45 கார் எடுத்தல். 9.50 மலையடி. 10.40 உச்சி. 12.30 சாப்பாடு, கடைகளின் பெயர் மூன்று குறித்திருக்கிறேன். 1.45 தஞ்சோங் ரூ கடற்கரை. 3.20 காரைத் திருப்பிக் கொடுத்தல். மலையில் எந்த வளைவுக்கு எந்த கியர் என்று ஒரு தனித்தாள். போனில் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி எண்ணினேன்.

கார் கம்பெனிக்கு மேகலா மூலமாகக் கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது. ஓட்டுபவருக்கு வயது எழுபதைத் தாண்டக் கூடாது, லைசென்ஸ் எடுத்து ஒரு வருடமாவது ஆகியிருக்க வேண்டும். பயணத்தின்போது எனக்கு அறுபத்தெட்டுதான் ஆகியிருக்கும். லைசென்ஸ் 1979இல் எடுத்தது. பவளக்கொடியிடம் படித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டே, மலைக்கு மேலே கழிப்பறை இருக்கிறதா என்று கேட்டாள். அதை நான் குறிக்கவில்லை.

20 டிசம்பர், வெள்ளி

லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். கண் டாக்டர் சான்று கேட்கிறார்கள். டாக்டர் ஒரு பொடிப் பெண். ஒரு மிஷினுக்குள் தலையை விடச் சொல்லி, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்துங்கள் என்றாள். மிஷினில் ஏதோ கோளாறு, இடது பக்கம் புள்ளியே போடவில்லை. கண்ணுக்குள் பிரஷராம், காலம் முழுக்க சொட்டு மருந்தாம். சான்றில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். நான் யார் என்று சொன்னேன். "அப்போ உங்களுக்கே தெரியும் சார்" என்றாள்.

சாயங்காலம் காபி டம்ளரைத் தட்டிவிட்டேன். இடது கைப் பக்கம் கொண்டுவந்து வைத்தால் அப்படித்தான்.

21 டிசம்பர், சனி

இன்று விசேஷமில்லை. நம் வீட்டு நிலைப்படி இடது பக்கம் இவ்வளவு நீட்டிக்கொண்டா இருக்கிறது?

26 டிசம்பர், வியாழன்

பஸ்ஸிலேயே போய்க்கொள்ளலாம், அலைச்சல் மிச்சம் என்று பவளக்கொடியிடம் சொன்னேன். என் சட்டையைத் துவைக்கப் போடும்போதே பையிலிருந்த டாக்டர் சீட்டை அவள் படித்துவிட்டாள் போல.

"பஸ் எதுக்கு? நான் ஓட்டுறேன்" என்றாள்.

அறுபது வயதில் விளையாட்டா என்று கேட்டேன். ஐம்பத்தொன்பது என்று திருத்தினாள். ஒரு வருட விதியை ஞாபகப்படுத்தினேன். அதையும் கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள். 2025 மார்ச் 15க்குள் லைசென்ஸ் கையில் இருந்தால் லங்காவியில் சரியாக ஒரு வருடம் ஆகியிருக்கும். எண்பது நாள் இருக்கிறது. நான் சொல்லித்தருகிறேன் என்றேன். வேண்டாமாம். டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துகொள்வாளாம். டெஸ்ட் அன்றைக்கு நான் மைதானத்துக்குள் வரக் கூடாதாம், கேட்டுக்கு வெளியே நிற்கலாமாம். என் மைதானத்துக்கு எனக்கே கேட்.

6 ஜனவரி 2025, திங்கள்

பழகுநர் லைசென்ஸ் வாங்கிவிட்டாள். கம்ப்யூட்டரில் கேள்விகள் எல்லாவற்றுக்கும் சரியான பதில். என் நாளில் நான் சந்தித்த வக்கீல்களும் டாக்டர்களும்கூட குறுகிய பாலம் எது, குறுகலான சாலை எது என்று தடுமாறினார்கள். பெருமையாக இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை, பிறகு தலைக்கனம் வந்துவிடும்.

27 ஜனவரி, திங்கள்

காய்கறி வாங்கப் போன இடத்தில், கரட்டூர்ச் சந்தைக்குள் அந்த டிரைவிங் ஸ்கூல் கார் வந்தது. எதிரே வாழைத்தார் லாரி, பக்கத்தில் மாடு. பவளக்கொடி ஹாரன்கூட அடிக்காமல், மாடு நகரும்வரை நின்று, பூ விற்பவர் கூடையில் படாமல் எடுத்துக்கொண்டு போனாள். பக்கத்தில் நின்றவரிடம் "நம்ம வீட்டம்மா" என்றேன். அவர் யாரென்று எனக்குத் தெரியாது.

மேகலா போனில் ஒரு கேள்வி கேட்டாள். அம்மாவுக்கு இவ்வளவு வருமென்றால் அன்றைக்கு எப்படி ஃபெயில்? கிளட்சை விடுவதில் சின்னப் பிசகு, வண்டி ஒரு அடி பின்னால் வந்துவிட்டது, சட்டம் சட்டம்தான் என்றேன். அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டுத்தான் தான் ஸ்டியரிங் பக்கமே போகவில்லை என்றாள். அம்மாவாலேயே முடியவில்லை, நம்மால் எங்கே என்று சின்ன வயதிலேயே நினைத்துக்கொண்டாளாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

4 மார்ச், செவ்வாய்

ஃபெயில்.

நான் கேட்டுக்கு வெளியே வேப்பமர நிழலில் நின்றேன். அங்கிருந்து பாதி மைதானம் தெரியும். நன்றாகத்தான் எடுத்தாள், நன்றாகத்தான் ரிவர்ஸ் வந்தாள். ஒரே ஒரு தடவை இஞ்சின் அணைந்தது, உடனே எடுத்துவிட்டாள். அதற்கெல்லாம் நான் யாரையும் ஃபெயில் போட்டதில்லை. இப்போதிருக்கும் ஆய்வாளர் நஸ்ரின் பானு, முப்பது வயதிருக்கும், கண்டிப்பானவர் என்று பேர்.

பவளக்கொடி வெளியே வந்து, "வாங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள். 2001லும் இதையேதான் சொன்னாள். அன்றைக்கு எனக்கு அது ஒன்றும் செய்யவில்லை.

மறு டெஸ்டுக்கு ஏழு நாள் கழிய வேண்டும். 12ஆம் தேதி கிடைத்திருக்கிறது. அதையும் விட்டால் லங்காவியில் கொடிக்குப் பின்னால் ஓட வேண்டியதுதான்.  ராத்திரிச் சாப்பாட்டுக்கு உப்புமா.

5 மார்ச், புதன்

பொறுக்க முடியாமல் ஆபீஸுக்குப் போனேன். நஸ்ரின் எழுந்து நின்று நாற்காலி போட்டார். டீ வரச் சொல்லட்டுமா என்று நான் பாட்டுக்குக் கேட்டுவிட்டேன், நோன்பு சார் என்றார். எனக்கு மட்டும் வரவழைத்தார், குடிக்கவே கூச்சமாக இருந்தது.

இஞ்சின் ஒரு தடவை அணைந்தால் ஃபெயிலா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார்.

"வேற யாராவதா இருந்தா விட்டிருப்பேன் சார். அவங்க உங்க வீட்டம்மான்னு விண்ணப்பத்தைப் பாத்ததும் தெரிஞ்சுச்சு. டிரெயினிங்ல எங்களுக்கு முதல் நாள் சொன்னதே உங்க கதைதான். அவங்களை நான் லேசா விட்டா, அது உங்களுக்குச் செய்ற மரியாதை இல்லைன்னு நெனச்சேன்."

நல்ல பெண். நேர்மையான அதிகாரி. அன்றைக்கு வண்டி எவ்வளவு சார் பின்னால் வந்தது, டிரெயினிங்கில் மூன்றடி என்றார்களே என்று கேட்டார். அவ்வளவெல்லாம் இல்லை, ஒரு சாண் இருக்கும் என்றேன். "ஒரு சாணுக்கேவா" என்று அவர் கண்ணில் இன்னும் மரியாதை கூடிவிட்டது. டீயை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

7 மார்ச், வெள்ளி

இருபத்துநாலு வருடத்துக்கு முன்னால் நடந்ததைச் சரியாக அளந்து சொல்ல யாரால் முடியும்? நாலு விரல் இருக்கலாம்.

10 மார்ச், திங்கள்

ஆபீஸுக்குப் போனேன். வெயில் இந்த வருடம் சீக்கிரமே ஆரம்பித்துவிட்டது என்று நஸ்ரினிடம் சொன்னேன். ஆமாம் சார் என்றார். வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் பவளக்கொடி கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, காலால் கிளட்சும் பிரேக்கும் அமுக்கிப் பழகிக்கொண்டிருக்கிறாள். நான் நிற்பது அவளுக்குத் தெரியாது. இந்தக் காலையா நான் சந்தேகப்பட்டேன் என்று இருந்தது. சந்தேகப்படவில்லை, அதுதானே விஷயம்.

11 மார்ச், செவ்வாய்

மறுபடி போனேன். அறைக் கதவைச் சாத்தச் சொன்னேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். இருபது நிமிடம் ஆனது. அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

நஸ்ரின் மேசை மேலிருந்த விண்ணப்பங்களை அடுக்கி நேராக்கினார். பிறகு, நாளைக்கு அவங்க எப்படி ஓட்டுறாங்களோ அதைத்தான் சார் எழுதுவேன் என்றார். அதற்குமேல் எதுவும் கேட்க எனக்கு உரிமையில்லை. நான் வெளியே வரும்போது அவர் எழுந்திருக்கவில்லை. அது சரிதான்.

12 மார்ச், புதன்

பாஸ். பாஸ். பாஸ்.

கேட்டுக்கு வெளியேதான் நின்றேன். மேட்டில் நிறுத்தி எடுத்தாள் பாருங்கள், பானட் மேல் தண்ணீர்ச் சொம்பு வைத்திருந்தாலும் சிந்தியிருக்காது. என் சர்வீஸில் ஐம்பதாயிரம் பேரைப் பார்த்திருப்பேன். முதல் பத்துக்குள் வருவாள். முதல் ஐந்துக்குள்.

லைசென்ஸில் தேதி இன்றைய தேதி. மூன்று நாள் கைவசம். வரும் வழியில் அல்வா வாங்கினேன். பக்கத்து வீடு, எதிர் வீடு, மாடி வீடு எல்லாருக்கும் கொடுத்தேன். பவளக்கொடி, கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு அல்வா கொடுக்கவில்லையே என்றாள். அப்புறம் லைசென்ஸை எடுத்துப் போட்டோவைப் பார்த்து, கிழவி மாதிரி இருக்கிறேன் என்று குறைப்பட்டாள். மூன்று தடவை எடுத்துப் பார்த்தாள்.

நான் நஸ்ரினிடம் சொன்னதை இவளிடம் சொல்ல இன்று நல்ல நாள்தான். ஆனால் அல்வா தின்றுகொண்டிருப்பவளிடம் எப்படிச் சொல்ல?

24 ஆகஸ்ட், ஞாயிறு

ஓய்வுபெற்றோர் சங்க ஆண்டு விழா. வழக்கம்போல அந்தக் கதையைச் சொல்லக் கூப்பிட்டார்கள். தொண்டை கட்டியிருக்கிறது என்றேன். செயலாளரே எழுந்து எனக்குப் பதிலாகச் சொன்னார். இப்போது அது ஐந்தடி. எல்லாரும் கை தட்டினார்கள்.

18 ஜனவரி 2026, ஞாயிறு

பவளக்கொடிக்குச் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வந்துவிட்டது. பத்து மாதத்தில் மேகலாவின் வீட்டுக்காரர் ஊரில் விட்டுவைத்திருக்கும் பழைய காரில் கொடைக்கானல் ஒரு தடவை, மூணாறு ஒரு தடவை போய்வந்துவிட்டாள். நான் பக்கத்து இருக்கையில் வாயை மூடிக்கொண்டு உட்காரப் பழகிவிட்டேன். வலது கால் மட்டும் இன்னும் தரையை அமுக்குகிறது. இருக்கும் பிரேக்கை நான் அமுக்கிக்கொள்கிறேன், உங்கள் பக்கம் மிதியடி கிழிகிறது என்கிறாள்.

14 மார்ச், சனி

கப்பல். பத்து மாடி. சாப்பாட்டு அறையில் தட்டோடு நடக்கும்போது இடது பக்கமிருந்து ஒருவர் வந்து மோதிவிட்டார், அல்லது நான் மோதினேன். மேகலா பார்த்துவிட்டாள். கண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அப்பா ஓட்டாததற்கு அதுதான் காரணமா என்றாள். அதுவும் என்றேன்.

நாளைய தாளை மூன்று பிரதி எடுத்து ஆளுக்கொன்று கொடுத்திருக்கிறேன். கழிப்பறைகள் குறிக்கப்பட்டுள்ளன.

15 மார்ச், ஞாயிறு

கப்பலுக்குத் திரும்பியாயிற்று. நேரம் 3.55. எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

கார் கம்பெனியின் மேசையில் இருந்த மலாய்க்காரர் என்னைப் பார்த்துத்தான் லைசென்ஸ் கேட்டார். பவளக்கொடி தன்னுடையதை நீட்டினாள். தேதியைப் பார்த்தார், விரலால் எண்ணினார். ஒரு வருடம் மூன்று நாள். சரி என்று சாவியைக் கொடுத்தார்.

கார் ஆட்டோமேட்டிக். கியரே இல்லை. ஒரு வருடமாக நான் போட்டுவைத்த வளைவுக் கணக்கை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். மேகலா பின் இருக்கையில் விழுந்து விழுந்து சிரித்தாள். அது ரம்ஜான் மாதம் என்பதையும் நான் யோசிக்கவில்லை, குறித்துவைத்த மூன்று கடைகளும் பகலில் மூடிக் கிடந்தன. நல்லவேளை, பவளக்கொடி கப்பலிலிருந்து ரொட்டியும் வாழைப்பழமும் எடுத்துவைத்திருந்தாள். ஆக என் திட்டத்தில் மிஞ்சியது மலை மட்டும்தான்.

அந்த மலையை என்ன சொல்ல. இரண்டு பக்கமும் வானம் தெரியாத காடு. ரோடு முழுக்க நிழல். வளைவுக்கு வளைவு குரங்குகள், ஒரு இடத்தில் இருவாச்சிப் பறவை ஒன்று பெரிய சத்தத்தோடு குறுக்கே பறந்தது. பவளக்கொடி பதறவில்லை. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வெளியேறும்போது கூட்டி, ஏதோ இந்த மலையிலேயே பிறந்தவள் மாதிரி ஓட்டினாள். பத்து நிமிடம் என் வலது கால் தரையை அமுக்கவில்லை என்பதைக் கவனித்தேன். இப்படி ஓட்டுகிறவள் இருபத்துநாலு வருடம் பஸ் ஸ்டாப்பில் நின்றாள்.

அப்போதுதான் மேகலா, கேலியாகத்தான், கேட்டாள். "இப்படி ஓட்டுற அம்மா, அன்னைக்கு எப்படிப்பா வண்டியைப் பின்னாடி விட்டாங்க?"

"விடலை" என்றேன்.

 பவளக்கொடி அடுத்த வளைவை எடுத்தாள். அதற்கடுத்ததையும் எடுத்தாள். பிறகு ஓரமாக அகலமான இடம் பார்த்து, சிக்னல் போட்டு, நிறுத்தினாள். இரண்டு கையும் ஸ்டியரிங்கிலேயே இருந்தது. ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"இன்னொரு தடவை சொல்லுங்க. பின்னாடி அவளுக்குக் கேட்டிருக்காது."

மேகலாவுக்கு நன்றாகக் கேட்டிருந்தது. 

சொன்னேன். வண்டி ஒரு அங்குலம்கூட நகரவில்லை. அவள் பாஸ். மைதானத்தில் பதினோரு பேர் நின்றார்கள். ஒரு புரோக்கர், சார் சம்சாரமாச்சே, பாஸ் போட்டு அனுப்பிடுவாரு என்று சிரித்தான். அந்தச் சிரிப்புக்காகப் பேனாவை எடுத்துப் பொய் எழுதினேன். அதை வைத்து நேர்மையானவன் என்று பேர் வாங்கினேன். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, குனிந்து என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த நோட்டில் இதுவரை நான் எழுதாத சொல் அது.

"நகரலைன்னு எனக்குத் தெரியும்" என்றாள். "என் கால்தானே. ஆனா நீங்க போற எடமெல்லாம் ரெண்டடி ரெண்டடின்னு சொன்னீங்க. ஊரே நம்புச்சு. நம்ம வீட்டுக்காரர் பொய் சொல்ல மாட்டாரேன்னு கடைசியில நானும் நம்பிட்டேன். நமக்குத்தான் தெரியாம நகர்ந்திருக்கும்னு. அதுக்கப்புறம்தான் அப்பா காரை வித்தேன்."

அந்த ஃபியட்டை அவள் ஏன் விற்றாள் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. பின் இருக்கையிலிருந்து மேகலாவின் கை நீண்டு அம்மா தோளைப் பிடித்துக்கொண்டது. என்னைப் பிடிக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து பவளக்கொடி கண்ணாடியைச் சரிசெய்தாள். பின்னால் வண்டி வருகிறதா பார்த்தாள். காரை எடுத்தாள். உச்சியில் மேகம் மூடியிருந்ததால் கடல் தெரியவில்லை. ரொட்டியைத் தின்றுகொண்டு மேகம் விலகக் காத்திருந்தோம். என்னிடம் பழம் வேண்டுமா என்று கேட்டாள்.  அரை மணி கழித்து மேகம் விலகி, கீழே பச்சையாகச் சின்னச் சின்னத் தீவுகளும் வெள்ளையாக எங்கள் கப்பலும் தெரிந்தன. மேகலா போட்டோ எடுக்கக் கூப்பிட்டபோது பவளக்கொடி போய்க் காரின் முன்னால், கையைக் கட்டிக்கொண்டு தனியாக நின்றாள். அதுதான் சரியான படம் என்று எனக்கும் பட்டது. இறக்கத்தில் மேகலாவைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, பிரேக்கை எப்போது விட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டே ஓட்டினாள். நான் பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வந்தேன். நான்கூட இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

மூன்றேகாலுக்குக் காரைத் திருப்பிக் கொடுத்தோம். மலாய்க்காரர் சுற்றிவந்து பார்த்தார். ஒரு கீறல் இல்லை. குனுங் ராயா உச்சிவரை போனீர்களா, பழகாதவர்களுக்கு அந்த ரோடு கஷ்டமாயிற்றே என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு, பவளக்கொடியைப் பார்த்து, எத்தனை வருடமாக ஓட்டுகிறீர்கள் என்றார். லைசென்ஸ்தான் அவரே பார்த்தாயிற்றே. பவளக்கொடி பதில் சொல்ல வாயெடுத்தாள்.

என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். இவர் என் மனைவி, நான்தான் இவருக்கு டெஸ்ட் எடுத்த ஆய்வாளர், 2001 பிப்ரவரி 20ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை காலையிலேயே பாஸாகிவிட்டார் என்று, தேதி போட்டு, உரக்கச் சொன்னேன்.